போர்வை போர்த்திய கரும்பலகை

துரத்திவிட்டார்களாம்! யார் துரத்தினார்கள், எந்தக் கையால் பிடித்துத் தள்ளினார்கள் என்று கேட்டால் மட்டும் ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை. தையல்கடை வாசலில் பேசுகிறார்கள், பஸ் நிறுத்தத்தில் பேசுகிறார்கள். மூணாங்கிளாஸ் டீச்சருக்கு மண்டை குழம்பிப்போய்விட்டதாம். கரும்பலகைக்குக் குளிரும் என்று போர்வை போர்த்தினாளாம். பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து அவரவர் வீட்டு விஷயத்தைக் கிண்டிக் கிண்டி எழுதி வாங்கினாளாம். பள்ளிக்கூடத்துக்கு வரவிருந்த பெஞ்சுகளை வரவிடாமல் பண்ணினாளாம். அதனால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டார்களாம்.

இதில் இரண்டு உண்மை. பெஞ்சு வராமல் போனது அவளால்தான். அதை மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது? போர்வை போர்த்தியதும் உண்மைதான், ஆனால் குளிருக்காக இல்லை. மற்றதெல்லாம் சும்மா இருக்க முடியாத வாய்கள் மென்று துப்பியது. அவளை யாரும் துரத்தவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, காலை பதினொன்றே கால் மணிக்கு, தன் கைப்பையைத் தானே எடுத்துக்கொண்டு, முன்வாசல் வழியாக நடந்து போனாள். ஏன் போனாள் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

இருபத்தொன்பது வருஷம் அவள் நின்றுகொண்டே வேலை பார்த்தவள். காலையில் எழுந்ததும் முதல் வேலை புருஷனுக்கு இடுப்புப் பட்டை கட்டிவிடுவது. அந்த மனுஷன் மின்கம்பத்தில் ஏறி இறங்கிய லைன்மேன். ஒரு மழைநாளில் ஏறினார், இறங்கவில்லை, விழுந்தார். அதோடு வீட்டோடு ஆகிவிட்டார். பட்டையை இறுக்கிக் கட்டினால்தான் அவரால் அடுப்பங்கரையில் உட்கார்ந்து காய் நறுக்க முடியும். அதைக் கட்டிவிட்டு, பஸ் பிடித்து, பஸ்ஸிலும் நின்று, வகுப்பிலும் நின்று, சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது செருப்புக்குள் கால் இருக்காது, பிசைந்து வைத்த மாவுதான் இருக்கும். தொண்டை எப்போதோ போய்விட்டது. மத்தியானத்துக்கு மேல் கண்ணும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊர ஆரம்பித்துவிடும்.

அவள் வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். நாலாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் பெஞ்சு உண்டு, சின்ன வகுப்புகளுக்குப் பாய் உண்டு. நடுவில் மாட்டிக்கொண்ட மூன்றாம் வகுப்புக்கு வெறும் சிமென்டுத் தரைதான். முழங்காலை மடக்கி, அதன்மேல் நோட்டை வைத்துக் குனிந்து குனிந்து எழுதி, எட்டு வயசிலேயே இடுப்பில் கை வைத்துக்கொண்டு எழுந்திருக்கும் பிள்ளைகள். தலைமையாசிரியை பெஞ்சு கேட்டுப் பதினோரு மனு போட்டாள். பதினோரு மனுவுக்கும், கிடைத்தது என்று பதில் வந்தது. கிடைத்தது பெஞ்சு இல்லை, மனு.

ஒரு படப்புத்தகம் அவள் கைக்கு வந்ததைப் பெரிய லட்சியம் என்றெல்லாம் நினைத்துவிடக் கூடாது. அலுப்புதான் காரணம். பள்ளிக்கு ஒரு பெட்டி நிறையப் புத்தகம் வந்தது. பதிவேட்டில் ஏற்றிக்கொண்டிருந்த கிளார்க் ஒன்றைப் பிரித்துப் பார்த்தான், புரட்டினான், திருப்பிப் பிடித்தும் பார்த்தான். அட்டை முதல் அட்டை வரைக்கும் ஓர் எழுத்துக் கூட இல்லை. வெறும் படம். "அச்சுல கோட்டை விட்டுட்டானுங்க" என்று சொல்லி, திருப்பி அனுப்பும் கட்டோடு போட்டுவிட்டான். அங்கே தூசி தட்டிக்கொண்டிருந்த ஆயா அதை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இதுல என்ன சார் தப்பு? எனக்கு நல்லா விளங்குதே." கிளார்க் சிரித்தான். வருகைப் பதிவேடு கொடுக்க வந்த டீச்சர் சிரிக்கவில்லை. எழுத்து இல்லாத புத்தகம் என்றால் வாய்விட்டுப் படிக்க வேண்டாம், கண்ணை இடுக்க வேண்டாம். கடைசிப் பீரியடை அதை வைத்து ஓட்டிவிடலாம். அவ்வளவுதான் அவள் மனசில் இருந்தது. சோம்பேறித்தனம் என்று சொன்னால், சரி, சோம்பேறித்தனம்தான். இருபத்தொன்பது வருஷத்தில் அவளுக்கு அவ்வளவு பாத்தியதை கூடவா கிடையாது?

புத்தகத்தில் ஒரு மர நாற்காலி. தெருவோரத்தில், ஒரு சுவரை ஒட்டித் தனியாகக் கிடக்கிறது. அடுத்த பக்கத்தில் அதன்மேல் ஒரு பூனை. அடுத்ததில் தபால்காரர் உட்கார்ந்து காலணிக்குள் இருந்த கல்லைக் கொட்டுகிறார். அப்புறம் ஒரு பெண் அதன்மேல் ஏறி நின்று சுவருக்கு அந்தப்பக்கம் எட்டிப் பார்க்கிறாள். இரண்டு பிள்ளைகள் அதைக் குதிரையாக்கி ஓட்டுகிறார்கள். மழை வருகிறது, ஒரு நாய் அதன் அடியில் ஒண்டிக்கொள்கிறது. கடைசிப் பக்கத்தில் நாற்காலி இல்லை. சேற்றில் நான்கு கால் தடம் மட்டும்.

முதல்நாள் எல்லாவற்றையும் காட்டிவிட்டு, "இதுக்கு ஒரு கதை எழுதுங்க, உங்க இஷ்டத்துக்கு" என்றாள். பிள்ளைகள் பென்சிலை வாயில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தன. "டீச்சர், பலகையில எழுதிப் போடுங்க டீச்சர்." மணி மூன்று. கால் விண்விண் என்று தெறித்தது. எழுந்து மூன்று வரி எழுதிப் போட்டாள். சும்மா ஒரு மாதிரிக்கு. நாற்காலிக்கு மூன்று கால் என்று தவறாக எழுதி, அதை அடித்து, மேலே நான்கு என்று திருத்தினாள். பிறகு சுவரில் சாய்ந்தவள்தான், மணி அடிக்கும் வரை கண்ணைத் திறக்கவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் நோட்டுகளைப் பிரித்தாள். அன்றைக்கு வந்திருந்தது முப்பத்தாறு பேர். முப்பத்தாறு நோட்டிலும் அதே மூன்று வரி. போதாததற்கு முப்பத்தாறு பேரும் 'மூன்று' என்று எழுதி, அதை அடித்து, மேலே 'நான்கு' என்று எழுதியிருந்தார்கள். ஒரு பெண்பிள்ளை அதற்கும் மேலே போயிருந்தாள். பலகையின் ஓரத்தில் இருந்த 'பதிவு 38, வருகை 36' என்பதையும் எழுதி, பலகை துடைக்கும் துணி விட்டுப்போன வெள்ளைத் தீற்றலைக் கூடப் பென்சிலால் தேய்த்து அப்படியே கொண்டுவந்திருந்தாள். வகுப்பில் அவளுக்குப் பேரே 'ஜெராக்ஸ்'.

புருஷன் எட்டிப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் இடுப்புப் பட்டை அவிழ்ந்துபோயிற்று. "ஏன் டீச்சரம்மா, முப்பத்தாறு பேரும் ஒரே ராத்திரியில ஒரே கனவு கண்டுட்டாங்களா?"

அவளும் சிரித்தாள். சிரித்து முடித்துத் தட்டின் முன் உட்கார்ந்ததும் சிரிப்பு போயிற்று. "சிரிக்காதீங்க. பலகையைப் பாரு, பாத்ததை எழுதுன்னு இத்தனை வருஷமா நான்தான சொல்லிக் குடுத்தேன்? சொன்னதைத்தான் செஞ்சிருக்குங்க."

"சரி விடு. நீ என்ன, கலெக்டரையா உருவாக்கப் போற?"

"என் தப்பை எழுதி, அதை அடிக்கவும் சொல்லிக் குடுத்திருக்கேன் பாருங்க" என்று சொல்லிவிட்டுத் தட்டை நகர்த்தினாள்.

மறுநாள் வீட்டிலிருந்து ஒரு பழைய போர்வையை எடுத்துப் போனாள். நீலக் கோடு போட்டது, நடுவில் நைந்துபோனது. ஆயாவைப் பிடித்து இரண்டு ஆணி அடிக்கச் சொல்லி, கடைசிப் பீரியட் தொடங்கியதும் கரும்பலகையை முழுசாக மூடினாள். பிள்ளைகளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. "டீச்சர், பலகை செத்துப்போச்சா?" என்று ஒரு பொடியன் கேட்டான். "தூங்குது. சத்தம் போடாதீங்க" என்றாள். ஊரில் குளிர், குழப்பம் என்றெல்லாம் பேசுகிறார்களே, அந்தப் போர்வையின் கதை இவ்வளவுதான்.

பிறகு அவளும் தரையில் உட்கார்ந்தாள். பிள்ளைகளுக்குச் சமமாக இருக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை, நிற்க முடியவில்லை. சிவப்புப் பேனாவை மூடிப் பைக்குள் போட்டாள். "எழுத்துத் தப்பை நாளைக்குப் பாத்துக்கலாம். இன்னிக்குக் கதை மட்டும்." ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி மூன்றே கேள்விதான் கேட்பாள். என்ன நடக்குது? இதுக்கு முன்னாடி என்ன நடந்திருக்கும்? படத்துக்கு வெளிய யாரு இருக்காங்க? பதில் வந்தால் நல்லது என்றும் சொல்ல மாட்டாள், கெட்டது என்றும் சொல்ல மாட்டாள். "அதை எழுது" என்பாள்.

முதல் இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் ஒருத்தன் ஆரம்பித்தான்: அந்த நாற்காலி பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறது, கை இல்லாததால் மறிக்க முடியவில்லை, அதனால் எந்த பஸ்ஸும் நிற்பதில்லை. இன்னொருத்தி, பூனைதான் நாற்காலிக்குச் சொந்தக்காரி, தபால்காரரிடம் "எந்திரிங்க, இது ரிசர்வ்" என்று சொல்கிறாள் என்று எழுதினாள். ஒரு வாலு, அது தலைமையாசிரியை அறையிலிருந்து தப்பித்து வந்த நாற்காலி, பாரம் தாங்கவில்லை என்று எழுதிவிட்டு நோட்டைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டான். அன்றைக்கு டீச்சர் சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வகுப்பில் சிரித்து எத்தனை வருஷம் ஆயிற்றோ அவளுக்கே நினைவில்லை.

எல்லாரும் எழுதினார்கள், ஜெராக்ஸ் ஒருத்தியைத் தவிர. அவள் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதினாள். பக்கத்துப் பிள்ளை பூனை என்றால் இவளும் பூனை. டீச்சர் அவளைத் தனியாக வாசல் பக்கம் உட்காரவைத்தாள். அன்று அவள் நோட்டில் இருந்தது: 'வராந்தாவில் ஓடாதே. குழாயை மூடவும்.' எதிர்ச் சுவரில் எழுதியிருந்ததை அழகாக, ஒரு புள்ளி பிசகாமல் எடுத்து எழுதியிருந்தாள். அந்தப் பிள்ளைக்கு முட்டாள்தனம் ஒன்றும் இல்லை. தப்பு வந்துவிடுமோ என்ற பயம். பார்த்து எழுதினால் தப்பு வராது, வந்தாலும் அது தன் தப்பாகாது.

மூன்று வாரம் போயிற்று. ஒருநாள் டீச்சருக்குக் காய்ச்சல் மாதிரி இருந்தது. வேறு எதுவும் தோன்றாமல், பழக்கத்தில், ஜெராக்ஸ் பக்கத்தில் போய் உட்கார்ந்து அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டாள்.

"படத்துக்கு வெளிய யாரு இருக்காங்க?"

"இதுல முன்னாடி உக்காந்திருந்தவரு."

"அவரு இப்ப எங்க?"

"வீட்டுக்குள்ள. நின்னுட்டிருக்காரு."

"ஏன் நிக்கிறாரு?"

அந்தப் பிள்ளை டீச்சரை ஒரு பார்வை பார்த்தது, இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. "நாற்காலி வெளியதான இருக்கு? எங்க உக்காருவாரு?"

"அதை எழுது" என்றாள் டீச்சர்.

ஜெராக்ஸ் எழுதினாள். யார் நோட்டையும் பார்க்கவில்லை, சுவரையும் பார்க்கவில்லை. பென்சிலை அழுத்தியதில் மறுபக்கத்தில் எழுத்து புடைத்துக்கொண்டு நின்றது. எழுதியது இதுதான்:

'தாத்தா ஒரு நாற்காலியில் உட்காருவார். புது நாற்காலி வந்தது. அதில் யாரும் உட்காரக் கூடாது. அது விற்பதற்கு. பழைய நாற்காலியை வெளியே வைத்தார்கள். பூனை உட்கார்ந்தது. தபால்காரர் உட்கார்ந்தார். தாத்தா உள்ளே நிற்கிறார். வந்தவர்கள் எல்லாரும் தாத்தா நன்றாக இருக்கிறார் என்று சொன்னார்கள். நின்றால் நன்றாக இருப்பது போல் தெரியும்.'

டீச்சர் அதை இரண்டு தடவை படித்தாள். நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, "இது யாரு எழுதினது?" என்று கேட்டாள். "நான்" என்றது அந்தப் பிள்ளை, தன் குரல் தனக்கே புதுசு மாதிரி. அதற்கு மேல் டீச்சர் ஒன்றும் கேட்கவில்லை, கிண்டவில்லை. அந்தத் தாத்தா யார், எந்த வீடு என்று அவள் யோசிக்கவும் இல்லை. கதை என்றால் கதை. யோசித்திருக்க வேண்டும் என்று இப்போது சொல்கிறவர்கள் காய்ச்சலோடு முப்பத்தெட்டு நோட்டுத் திருத்திப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

பெற்றோர் கூட்டத்தன்று வராந்தாவில் கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப்பு மாட்டி, நோட்டிலிருந்து கிழித்த எல்லாக் கதைகளையும் தொங்கவிட்டார்கள். ஜெராக்ஸின் அப்பா பர்னிச்சர் கடைக்காரர். பெரிய கடை. அவருடைய அப்பா நாற்பது வருஷம் அந்தக் கடை வாசலில் ஒரு பழைய மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர். வருகிறவன் போகிறவன் எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். மூன்று மாசத்துக்கு முன் கடைக்குக் கண்ணாடி முகப்பு வைத்தார்கள். நாற்காலி போயிற்று, பெரியவரும் வீட்டுக்குள் போனார். யாராவது கேட்டால், "அப்பாவா? நல்லா இருக்காரு, ரெஸ்ட்ல இருக்காரு" என்று மகன் சொல்வார்.

கயிற்றில் தொங்கிய அந்தக் காகிதத்தை நாலு பேர் படித்தார்கள். தையல்கடைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒருத்தர் சத்தமாகவே கேட்டுவிட்டார்: "என்னண்ணே, கடை பூரா நாற்காலி, பெரியவரு மட்டும் நிக்கிறாராமே?"

கடைக்காரர் முகம் செத்துப்போயிற்று. கத்தவில்லை, கலாட்டா பண்ணவில்லை. மறுநாள் தலைமையாசிரியை முன்னால் போய் உட்கார்ந்து மெதுவாகப் பேசினார். "எம்பொண்ணு சொந்தமா ஒரு வரி எழுத மாட்டா, ஸ்கூல் பூரா தெரியும். அவளுக்குப் பேரே ஜெராக்ஸ். யாரோ எழுதிப் போட்டதைத்தான் எழுதியிருக்கா. பலகையில நான்தான் எழுதிப் போட்டேன்னு டீச்சர் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடட்டும். நாலு பேருக்குக் காட்டிட்டு விட்டுடறேன். பெஞ்சு சொன்னபடி வெள்ளிக்கிழமை வரும்."

ஆமாம், பெஞ்சு. மூன்றாம் வகுப்புக்கு இருபது பெஞ்சு செய்து தருவதாகச் சொல்லியிருந்தது அவர்தான்.

தலைமையாசிரியை கெட்டவள் இல்லை. டீச்சரைக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, டீ கூடக் கொடுத்தாள். "எனக்கு மட்டும் ஆசையாம்மா? பதினோரு மனு. என் கை தேஞ்சுபோச்சு. அந்தப் புள்ளைங்க தரையில உக்காந்து முதுகு வளைஞ்சு போறதை நீங்கதான தினமும் பாக்கறீங்க? ஒரு வரி. யாருக்கு நஷ்டம்?"

டீச்சர் டீயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "பலகையைத்தான் மூடியிருந்தேனே மேடம்."

"அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை வரைக்கும் யோசிங்க."

வீட்டில் சொன்னாள். புருஷன் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தார். "போட்டுடு. ரிட்டயராக இன்னும் ஒன்றரை வருஷம்தான். உன் பேரு கொஞ்சம் கெடும், கெட்டுட்டுப் போகட்டும். என் இடுப்பு கெட்டதுக்கு அப்புறம் நம்ம வீட்டுல இன்னும் கெடறதுக்கு என்ன இருக்கு?"

"என் பேரைப் பத்தி இல்லைங்க."

"பின்ன?"

"அந்தப் புள்ள இப்பத்தான் 'நான்'னு சொல்லிச்சு."

அவர் கத்தியை மறுபடி எடுத்தார், நறுக்காமல் வைத்தார். பிறகு, "முப்பத்தெட்டுப் புள்ளைக்குப் பெஞ்சா, ஒரு புள்ளைக்கு ஒரு 'நானா'? நீயே சொல்லு. எனக்குச் சொல்லத் தெரியல" என்றார். அவளுக்கும் தெரியவில்லை. ஆனாலும் சோர்வு என்று ஒன்று இருக்கிறதே, அது நியாயம் பேசாது, படுத்துக்கொள் என்று மட்டும்தான் சொல்லும். போட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் படுத்தாள். நிஜமாகவே போட்டுவிடும் எண்ணத்தில்தான் வெள்ளிக்கிழமை காலை நல்ல பேனா ஒன்றைத் தேடிப் பைக்குள் வைத்தாள்.

பத்தரை மணிக்குப் பள்ளி வாசலில் வேன் வந்து நின்றது. ஜன்னல் வழியாகப் பிள்ளைகள் எட்டிப் பார்த்து, "பெஞ்சு டீச்சர், பெஞ்சு!" என்று குதித்தன. புது மரத்தின் வாசனை வகுப்பு வரைக்கும் வந்தது. அந்த அமளிக்கு நடுவில் ஜெராக்ஸ் மெல்ல அவள் பக்கத்தில் வந்து நின்றாள். கையில் நோட்டு, பென்சில்.

"டீச்சர், அந்தக் கதையை நான் எழுதலன்னு அப்பா ஆபீஸ்ல சொல்லச் சொன்னாரு."

"ம்."

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீங்க எழுதிக் குடுங்க டீச்சர். பாத்து அப்படியே சொல்லிடறேன்."

நோட்டைத் திறந்து, வெள்ளைப் பக்கத்தை அவளிடம் நீட்டியது அந்தப் பிள்ளை. அழவில்லை. பழைய முகம், பார்த்து எழுதும் முகம், மறுபடி வந்து உட்கார்ந்திருந்தது. டீச்சர் நோட்டை மூடினாள். பென்சிலை வாங்கினாள், கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள், எழுதாமலே திருப்பிக் கொடுத்தாள். "வா" என்றாள்.

அறையில் தலைமையாசிரியை, எதிரே கடைக்காரர், மேஜைமேல் அவள் கையெழுத்துக்காக டைப் அடித்து வைத்த காகிதம். டீச்சர் உட்காரவில்லை. காகிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதினாள்: 'கதை இந்தப் பிள்ளை எழுதியது. நான் பலகையில் எதுவும் எழுதவில்லை. பலகை மூடியிருந்தது.' கீழே கையெழுத்துப் போட்டாள்.

கடைக்காரர் அதைப் படித்துவிட்டு மகள் பக்கம் திரும்பினார். "நீயா எழுதின?"

அந்தப் பிள்ளையின் கண் டீச்சரின் உதட்டுக்குப் போயிற்று. என்ன சொல்ல வேண்டும், ஆமாமா, இல்லையா என்று அங்கே தேடியது. டீச்சர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பார்த்து எழுத அங்கே ஒன்றும் இருக்கக் கூடாது. வெளியே வேன்காரன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அவன் ஒரு முடிச்சை அவிழ்த்து முடித்தான்.

"நான்தான்பா."

"தாத்தா நிக்கிறாருன்னு உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலப்பா. கதை. நாற்காலி வெளிய இருக்குல்ல, அதான்."

கடைக்காரர் அந்தக் காகிதத்தை மடித்தார், இன்னொரு தடவை மடித்தார், சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மகளை அடிப்பாரோ என்று தலைமையாசிரியை பாதி எழுந்தேவிட்டாள். அடிக்கவில்லை. "கிளாசுக்குப் போ" என்று மட்டும் சொன்னார். வெளியே போய் வேன்காரனிடம் கையைச் சுழற்றிக் காட்டினார். அவிழ்த்த முடிச்சை அவன் மறுபடி போட்டான். இருபது பெஞ்சும் வந்த வழியே போயின. பிள்ளைகளின் 'ஓ' என்ற சத்தம் அறைக்குள் கேட்டது. டீச்சர் பேனாவை மூடினாள்.

தலைமையாசிரியை முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே அந்தக் கிளாஸ் உங்ககிட்ட இருக்க முடியாதும்மா. நாளைக்கு இன்னொரு அப்பா வருவாரு. திங்கள்லேந்து நீங்க ஆபீஸ்ல ரெஜிஸ்டர் பாருங்க. கிளாஸை நான் பாத்துக்கறேன்."

"ரெஜிஸ்டரா?" என்றாள் டீச்சர். "அதுவும் பாத்து எழுதறதுதான மேடம். எனக்கு முடியல. வீட்டுக்குப் போறேன். விருப்ப ஓய்வுக்கு லெட்டர் அனுப்பிடறேன்."

"கோவத்துல முடிவு பண்ணாதீங்க."

"கோவப்படறதுக்கும் தெம்பு வேணுமே மேடம்."

வகுப்புக்குப் போனாள். பிள்ளைகள் சுருண்டு உட்கார்ந்திருந்தார்கள். படப்புத்தகத்தை எடுத்து, நடுத்தரையில் கடைசிப் பக்கத்தைத் திறந்துவைத்தாள். "எழுதிட்டிருங்க. ஹெச்.எம். மேடம் வருவாங்க." ஆணியில் ஓரமாக ஒதுக்கியிருந்த போர்வையைக் கழற்றி எடுத்துப் போகலாமா என்று ஒரு நிமிஷம் நின்றாள். வீட்டில் வேறு போர்வை இருக்கிறது. பலகையை மூடிவிட்டு, கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

வராந்தாவைத் தாண்டும்போது ஆயா விளக்குமாறோடு நிமிர்ந்தாள். "என்ன டீச்சர், மணி அடிக்கலியே?"

"தெரியும் ஆயா. ஜன்னலைத் தாண்டறப்போ உள்ள பாத்து ஒண்ணு சொல்லு. என்ன பண்ணுதுங்க?"

ஆயா எட்டிப் பார்த்தாள். "குனிஞ்சுக்கிட்டுக் கிடக்குதுங்க. அந்த வாசப்பக்கத்துப் பொண்ணு மட்டும் கூரையைப் பாத்துக்கிட்டிருக்கு."

"கூரையில ஏதாவது எழுதியிருக்கா?"

"அங்க என்ன எழுதியிருக்கும்? ஒட்டடைதான்."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு டீச்சர் வாசலைக் கடந்தாள்.

வெயில் ஏறியிருந்தது. அந்த நேரத்தில் பஸ் குறைவு. நிறுத்தத்தில் உட்கார ஒரு திண்டு கூடக் கிடையாது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். எதிர்ப்பக்கத்திலிருந்து தையல்கடைக்காரி, கையில் துணி மூட்டையோடு, அவளை மேலும் கீழும் பார்த்துக்கொண்டே ரோட்டைக் கடந்து வந்தாள்.

"என்ன டீச்சர், இந்நேரத்துல? எல்லாம் நல்லாத்தான இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன்" என்றாள் டீச்சர், நின்றுகொண்டே.